திடீர்னு கொடைக்கானலா? அப்ப பஸ்ஸுல ஏறுங்க!

"மச்சி, போர் அடிக்குதுடா. கொடைக்கானல் போலாமா?"

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத நண்பர் குழாம் கிடையாது. அரை மணி நேரத்தில் ஒரு கார், நாலு பேர், ஒரு பை நிறைய சிப்ஸ், ஒரு டஜன் தண்ணி பாட்டில். தண்ணி அல்லாத பாட்டில் தனிக் கணக்கு. விடியக்காலம் வத்தலக்குண்டில் டீ. எட்டு மணிக்கு வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ. பைன் காடு, தூண் பாறை, குணா குகை, ஏரியில் ஒரு ரவுண்டு. சாயங்காலம் இறக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு பதிவு: "பிளான் பண்ணாத பயணம்தான் மக்கா பயணம்!"

இந்தப் பதிவு அந்தக் கடைசி வரிக்கு எதிரானது.

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆளுங்களும் இதையே கொஞ்சம் பெரிய அளவில் செய்வார்கள். நீண்ட வாரயிறுதி வந்தால் ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ என்று ஏதாவது ஒரு கரீபியன் தீவு. "நேத்துதான் டிக்கெட் போட்டோம், இன்னைக்குக் கடற்கரையில் கிடக்கோம்" என்று எழுதுவார்கள். படிக்க நமக்கும் ஆசையாத்தான் இருக்கும். ஆனா ஒன்றைக் கவனிக்கணும் சாமிகளா. அந்தத் 'திடீர்' கூட டிக்கெட்டோடதான் நடக்குது. விமானத்தில் 180 சீட்டுன்னா 181-வது ஆள் மச்சினன் மடியில உக்காந்து போக முடியாது. தீவுக்கு ஒரு வாசல் இருக்கு, வாசல்ல எண்ணிக்கையும் இருக்கு.

நம்ம மலைக்கு அந்த வாசல் 2024 வரைக்கும் இல்லவே இல்லை. வந்த பிறகு நாம போட்ட கூப்பாடு இருக்கே!

சரி, மேட்டருக்கு வருவோம்

2024 ஏப்ரல் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. மே 7-ஆம் தேதி அமலுக்கு வந்தது. நீலகிரிக்குள் மட்டும் சீசனில் தினம் சுமார் 20,000 வண்டி நுழைகிறது என்ற கணக்கைப் பார்த்துத்தான் நீதிமன்றம் மிரண்டுபோனது. முதலில் ஜூன் 30 வரைக்கும் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயச் சொல்லி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் வேலை ஒப்படைக்கப்பட்டது.

2025 மார்ச்சில் அடுத்த உத்தரவு. ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி. ஊட்டிக்கு முறையே 6,000, 8,000. நீலகிரி வியாபாரிகள் அந்த ஏப்ரலிலேயே கடையடைப்பு நடத்தினார்கள். நம்ம பக்கத்திலும் முணுமுணுப்புக்குக் குறைவில்லை.

உடனே நம்ம ஆளுங்க என்ன சொன்னாங்க? "நம்ம ஊர் மலைக்குப் போக விசாவா?" "இது கொரோனா காலமா?" "நெனச்சா கிளம்பறதுதானே வாழ்க்கை, அதுக்கும் ஆப்பா?"

யோவ், கொஞ்சம் நிதானமா அந்த உத்தரவைப் படிச்சீங்களா? அரசுப் பேருந்துக்குப் பாஸ் கிடையாது. ஊட்டி ரயிலுக்குப் பாஸ் கிடையாது. அதாவது, இன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்கு ஞானோதயம் வந்தா, விடியக்காலம் மதுரை ஆரப்பாளையத்திலோ திண்டுக்கல்லிலோ பழனியிலோ பஸ் ஏறி, யாரிடமும் கேட்காமல் மலைக்குப் போகலாம். உங்க 'திடீர்' மேல நீதிமன்றம் கையே வைக்கலை. கை வைத்தது உங்க கார் மேல.

ஆக, நாம கத்தினது சுதந்திரத்துக்காக இல்லை. ஏ.சி.க்காக. டிக்கிக்காக. டிக்கியில இருக்கிற பாட்டிலுக்காக. இதை ஒத்துக்கிட்டா மீதிப் பதிவு சுலபம்.

இதுவும் ஒரு தீவுதான்

கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் இருக்கு. கீழே பெரியகுளத்தில் வேர்த்துக் கொட்டும்போது மேலே ஸ்வெட்டர். இதை நாம கிளைமேட்டுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம். உயிரியல்காரர்கள் இந்த மாதிரி மலை உச்சிகளை 'வானத் தீவு' என்கிறார்கள். சுத்தியும் கடலுக்குப் பதிலாகச் சூடான சமவெளி. மேலே இருக்கிற சோலைக்காட்டுப் பறவை கீழே இறங்கி அடுத்த மலைக்குப் போகாது, சூடு தாங்காது. லட்சக்கணக்கான வருஷமா அங்கேயே இருந்து தனி இனமா ஆகிப்போயிருக்கு. வெள்ளை வயிறும் நீல உடம்புமா ஒரு சின்னப் பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கிற உச்சிச் சோலைகளில் மட்டும். அதுக்கும் அதன் வடக்கத்திச் சொந்தங்களுக்கும் சேர்த்து 2017-இல் ஒரு புதுப் பேரினமே உருவாக்கினாங்க. பேர் 'ஷோலிகோலா'. நம்ம சோலை லத்தீன் பேரில் ஏறியாச்சு. அந்தச் சோலை எங்கே இருக்குன்னுதான் நாம பார்க்கறதில்லை.

நாம பார்க்கறது பைன் காடு. அது காடே இல்லைங்க, தோட்டம். போன நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டது. பழனி மலையின் உண்மையான முகம் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிற சோலையும். அந்தப் புல்வெளியில் கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கு 1973-இல் இருந்து நாற்பது வருஷத்தில் போயே போச்சுன்னு செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியானது. காரணம் சுற்றுலாக்காரன் மட்டும் இல்லை. வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டது அரசாங்கம். விவசாயமும் விரிஞ்சது. நாம அந்த நாசத்துக்கு முன்னாடி நின்னு கன்னத்தில் கை வைத்துப் போட்டோ எடுத்து 'இயற்கை அன்னையின் மடியில்' என்று எழுதறோம்.

புல்வெளி ஒரு ஸ்பாஞ்சு மாதிரி. மழையைக் குடிச்சு வச்சிருந்து கோடையில் கசிய விடும். மேலே ஸ்பாஞ்சு போனால் கீழே பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி வாய்க்காலில் தண்ணி போகும். மலைக்குக் கெட்டது மலையோட நிக்காது, சரிவு பார்த்து இறங்கும்.

வெள்ளி நீர்வீழ்ச்சின்னு நாம முதல் போட்டோ எடுக்கிற இடம் இருக்கே, அது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியற தண்ணி. ஊர் சேர்க்கிற அழுக்கெல்லாம் சேர்ந்துதான் அங்கே வெள்ளியா மின்னுது. தயவுசெய்து கையால் அள்ளிக் குடிச்சிடாதீங்க.

திடீர்னு போக முடியாத காலம்

இந்த ஊருக்கு முதலில் ஓய்வுக்குப் போனவங்க மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று ரெண்டு வீடு கட்டினாங்க. அவங்களுக்குப் போர் அடிச்சுப் போகலை. கீழே காய்ச்சலிலும் காலராவிலும் செத்துக்கிட்டு இருந்தாங்க, குழந்தைகளைப் புதைச்சுக்கிட்டு இருந்தாங்க. பிழைச்சுக் கிடக்க மேலே போனாங்க. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் அணை கட்டி ஏரியை உண்டாக்கினார், தூத்துக்குடியில் இருந்து படகு கொண்டுவந்து விட்டார்.

ரோடு அப்ப கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து நடை, குதிரை, இல்லைன்னா டோலி. மலைப்பாதை ரோடு வேலை முடிஞ்சு வண்டி ஓட ஆரம்பிச்சது 1910-களின் நடுவில்தான். அதுவரைக்கும் துரையும் துரைசாணியும் மேலே போனது நம்ம ஆளுங்க தோளில் ஏறி. துரையோட மூட்டை, முடிச்சு, சமையல் பாத்திரம் எல்லாம் தலைச்சுமையாத்தான் ஏறிச்சு. அந்தப் பாதையில் இருக்கிற வெள்ளகவி ஊருக்கு அப்புறமும் பல தலைமுறைக்கு ரோடு வரலை. முடியாதவங்களை அதே டோலி கட்டித்தான் தூக்கிட்டு இறங்கினாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, 'அந்தக் காலத்துல எவ்வளவு அழகு' என்று ஏங்க இல்லை. மலைச் சுகம் எப்பவுமே யாரோ ஒருத்தர் தோளில் ஏறித்தான் போயிருக்கு. அன்னைக்குத் தோள் கண்ணுக்குத் தெரிஞ்சது, கூலியாவது கொடுத்தாங்க. இன்னைக்குத் தோள் தெரியலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரோட தோள்? பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை, கூக்கால். இந்த மேல்மலைக் கிராமங்களில் இருந்து கீழே வரணும்னா கொடைக்கானல் ஊருக்குள்ள வந்துதான் ஆகணும். பூண்டு மூட்டை, கேரட் மூட்டை, பரீட்சைக்குப் போற பிள்ளை, பிரசவ வலி எடுத்த பொண்ணு எல்லாத்துக்கும் அதே ரோடு. ஊரைத் தாண்டினால் பெருமாள்மலை. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேருற இடம் அது, ஒரே கழுத்து. மே மாச ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தக் கழுத்தில் ஒரு 108 மாட்டினால் என்ன ஆகும்? சைரன் போட்டாலும் ஒதுங்க இடம் வேணுமே. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் 'பிளான் பண்ணாத' நம்ம கார்.

பெரிய ஆபரேஷன்னா தேனிக்கோ மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கணும் அந்த மக்கள். நாம போட்டோவுக்கு நிறுத்துன அஞ்சு நிமிஷம் நமக்கு அஞ்சு நிமிஷம்தான். பின்னாடி நிக்கிற நூறு வண்டிக்கும், அதில் ஒண்ணா நிக்கிற ஆம்புலன்சுக்கும் அது வேற கணக்கு.

சரி, இனி வழக்கமா வர்ற கேள்விகள். நானே கேட்டுக்கறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

"என் நாடு, என் ரோடு, என் காசு. தடுக்க நீ யாரு?"

நாட்டில் எங்கேயும் போகும் உரிமை அரசியல் சாசனம் 19-ஆம் பிரிவில் இருக்கு. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்னு அதே பிரிவு சொல்லுது. முதல் பாதியை மட்டும் படிச்சா எப்படி? மறுபடி சொல்றேன், உங்களை யாரும் தடுக்கலை. உங்க ஒன்றரை டன் இரும்பைத்தான் முன்கூட்டிச் சொல்லிட்டு வரச் சொல்றாங்க. சினிமாவுக்கு ரிசர்வ் பண்றோம். திருப்பதிக்கு மூணு மாசம் முன்னாடி தரிசன டிக்கெட் போடறோம், அங்கே மட்டும் 'பெருமாளைப் பார்க்க விசாவா' என்று யாரும் பதிவு போடறதில்லை.

இத்தாலியில் வெனிஸ் நகரம் 2024-இல் பகல் நேரத்துக்கு மட்டும் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பிச்சது. 2025-இல் இன்னும் ஒரு படி மேலே போனாங்க. நாலு நாள் முன்னாடியே பதிவு செஞ்சா 5 யூரோ, கடைசி நேரத்தில் கிளம்பினால் 10 யூரோ. அதாவது 'திடீர்'க்குத் தனி ரேட்! இங்கே இந்தியாவிலேயே மகாராஷ்டிராவில் மாத்தேரான் என்று ஒரு மலை ஊர் இருக்கு. உங்க கார் தஸ்தூரி நாக்காவோட நிக்கும். அதுக்கு மேல நடை, குதிரை, குட்டி ரயில் இப்படித்தான். மும்பைக்காரன் அங்கே போகாமலா இருக்கான்?

"இ-பாஸே கண்துடைப்புதானே?"

இதுல பாதி உண்மை, மறைக்க மாட்டேன். முதல் வருஷம் கேட்டவனுக்கெல்லாம் பாஸ் கொடுத்தாங்க. உச்சவரம்பே இல்லாமல் எண்ணிக்கிட்டு மட்டும் இருந்தால் அது வாசல் இல்லை, கல்யாண வீட்டில் மொய் எழுதற மேஜை. வரம்பு வந்தது 2025 ஏப்ரலில்தான். அதிலும் எண்ணறது வண்டியை, ஆளை இல்லை. ரெண்டு பேர் வர்ற பெரிய காரும் ஒண்ணு, இருபது பேர் வர்ற வேனும் ஒண்ணு. இது சரியில்லை.

ஆனா இதில் இருந்து 'பாஸே வேண்டாம்' என்று வராது. 'பாஸை ஒழுங்காக் கொடு' என்றுதான் வரும். சல்லடையில் ஓட்டை பெருசா இருக்குன்னா சல்லடையைத் தூக்கிப் போடுவோமா, சின்ன ஓட்டைச் சல்லடை வாங்குவோமா?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 4,000 கார், காருக்கு நாலு பேர், மொத்தம் 16,000 பேர். ஒரு பஸ்ஸில் 50 பேர் உக்காரலாம். அதே 16,000 பேரை ஏத்த 320 பஸ் போதும். 4,000 எங்கே, 320 எங்கே! ஆளைக் குறைக்காமலே வண்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கலாம். வியாபாரிக்கும் நஷ்டமில்லை, 108-க்கும் வழி கிடைக்கும். இந்தக் கணக்குக்கு ஐ.ஐ.டி. வேண்டாம், அஞ்சாம் வகுப்பு வாத்தியார் போதும்.

"அப்ப உள்ளூர்க்காரன் பிழைப்பு?"

நல்ல கேள்வி. ஓட்டல், டாக்ஸி, குதிரை, வேர்க்கடலை, சாக்லேட் கடை என்று அந்த ஊரே சீசனை நம்பி இருக்கு. ரெண்டு மாசம் சம்பாதிச்சு மிச்சத்தை ஓட்டறவங்க. அவங்க பயத்தை நக்கல் பண்ண மாட்டேன். ஆனா அவங்க சார்பா நாம குரல் கொடுக்கறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு நாம என்ன கொடுத்தோம்னு பார்க்கலாம். காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குற காரு, இட்லி கீழேயே கட்டிக்கிட்டு வருது, தண்ணி கீழேயே வாங்கிட்டு வருது, பெட்ரோல் கீழேயே போட்டுட்டு வருது. மேலே விட்டுட்டுப் போறது நகராட்சிக்கு நுழைவுக் கட்டணம், பார்க்கிங் காசு, ஒரு பை குப்பை. பஸ்ஸில் போறவன்தான் மேலே சாப்பிடுறான், உள்ளூர் ஜீப் பிடிக்கிறான், ராத்திரி தங்குறான். உள்ளூர்க்காரனுக்குக் காசு கொண்டுவர்றது மனுஷன்தான், காரு இல்லை.

"உள்ளூர் டாக்ஸிக்காரன் கொள்ளையடிக்கிறானே" என்பீங்க. ரேட்டு போர்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க. ஏரியைச் சுத்தி, பார்வை இடங்களைச் சுத்தி நாள் முழுக்க ஓடுற டவுன் பஸ் கேளுங்க. அதைக் கேட்டு எத்தனை பேர் பதிவு போட்டிருக்கோம்?

"பெரிய முதலாளியை விட்டுட்டு எங்களை ஏன் பிடிக்கறே?"

விடலையே. பாம்பார் சோலையை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர் ஃபாக்டரி ஓடியது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடிய தொழிற்சாலையின் எந்திரங்களை 1980-களில் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது அம்பலமானது, ஃபாக்டரியை மூடினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். பதினஞ்சு வருஷம்! நடுவில் 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டால் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். நாமெல்லாம் அதைப் பகிர்ந்தோம், கோபப்பட்டோம். ரொம்பச் சரி.

அதுக்கும் முன்னாடி பிளசன்ட் ஸ்டே ஓட்டல். மலையில் இத்தனை மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியை மீறி எழுந்த கட்டடம். பழனி மலைப் பாதுகாப்புக் குழு, 1985-இல் ஆரம்பிச்ச சின்ன அமைப்பு, நீதிமன்றம் வரைக்கும் போராடியது. விதிவிலக்கு கொடுத்த வழக்கில் 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2001 கடைசியில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனா தீர்ப்பு வந்த அன்னைக்கே தருமபுரியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூணு பேர் உள்ளேயே கருகினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்? கொடைக்கானலில் கூடுதலாக ஏறிய சில மாடிகளுக்கு விலை எங்கேயோ தருமபுரி ரோட்டில் கொடுக்கப்பட்டது. மலையில் விதியை வளைச்சால் அது யார் தலையில் விழும்னு சொல்ல முடியாதுங்கறதுக்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த ஓட்டல் மாடி எதுக்கு? ரூம் போட. ரூம் யாருக்கு? நமக்கு. பெரிய முதலாளி மேல கல் எறியும்போது அவன் கஸ்டமர் நாமதான்ங்கறதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கலாம்.

குணா குகைப் பாடம்

1991-இல் 'குணா' வந்தது. வெள்ளைக்காரன் 'பேய்ச் சமையலறை' என்று சொன்ன பாறைப் பிளவுக்குக் குணா குகை என்று பேர் வந்தது. 2006-இல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மலில் இருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருத்தர் உள்ளே விழுந்தார். நண்பர் ஒருத்தர் கயிறு கட்டி இறங்கி மீட்டார். அதுவே 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' ஆனது. நல்ல படம். தடுப்பைத் தாண்டினால் என்ன ஆகும்னு ரெண்டே கால் மணி நேரம் நம்ம நெஞ்சைப் பிசைஞ்சு சொன்ன படம்.

நாம என்ன கத்துக்கிட்டோம்? படம் வந்த சில வாரத்தில் குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியது. தடுப்பைத் தாண்டி உள்ளே போன இளைஞர்களை வனத்துறை பிடித்ததும் செய்தியானது. அதாவது, போகாதேன்னு எடுத்த படத்தை வழிகாட்டியா எடுத்துக்கிட்டோம். 'பிளான் பண்ணாத பயணம்' என்று நாம கொண்டாடுற சமாச்சாரத்தின் உச்சம் இதுதான். போற இடம் என்ன இடம், அங்கே எது கூடாது என்று ஒரு வரி படிச்சுட்டுப் போகக்கூட நேரமில்லை.

மலை ரோட்டில் ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தால் சூடாகிப் பிடிக்காது. ஊருக்குள் காட்டுமாடு நடந்து வந்தால் செல்ஃபி எடுக்கக் கூடாது, அது மாட்டுப் பொங்கல் மாடு இல்லை. இந்த மூணு விஷயம் தெரிஞ்சவன் எத்தனை பேர் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கிறான்? சென்னையில் இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தூங்காம ஓட்டிட்டு வந்து, விடியக்காலத்துல கொண்டை ஊசி வளைவில் அவன் கத்துக்க ஆரம்பிக்கிறான். அரசு பஸ் டிரைவர் தினம் அதே ரோட்டில்தான் ஏறி இறங்குறார். உங்க உயிர் மேல ஆசை இருந்தாலும் பஸ்தான் நல்லது.

அப்ப என்னதான் பண்ணணும்கறே?

அரசாங்கத்துக்கு: வத்தலக்குண்டிலும் பழனியிலும் பெரிய பார்க்கிங் போடுங்க, அங்கே இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடுங்க. பாஸில் ஆளை எண்ணுங்க. அன்னைக்கே போய்த் திரும்புற காருக்கு வெனிஸ் மாதிரி கூடுதல் கட்டணம் போடுங்க. அந்தக் காசு மலையிலேயே, ஆஸ்பத்திரிக்கும் பிரகாசபுரம் குப்பைக்கிடங்குக்கும் செலவாகணும். காசு வச்சால் நம்ம ஆள் திருந்துவான் என்பதற்குச் சாட்சி இருக்கு. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாங்க. காட்டில் உடைஞ்சு யானைக் காலைக் கிழிச்ச பாட்டில் கடைக்குத் திரும்பி வந்தது. கொடைக்கானலிலும் 2024-இல் அஞ்சு லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்டாங்க. சரியான திசை, வேகம்தான் பத்தலை.

நமக்கு, அதாவது பயணக் கட்டுரை எழுதுற பதிவர்களுக்கு: 'யாருக்கும் தெரியாத இடம்' என்று தலைப்புப் போட்டு வழியோட எழுதறதை நிறுத்தணும். நாம எழுதுன மறு வாரம் அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே இறங்கணும் என்று எழுதலாம். பூம்பாறை மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைச்சதை எழுதலாம். பழனி பஞ்சாமிர்தத்தின் ருசிக்கு இந்த மலையில் விளையற விருப்பாச்சி வாழைதான் காரணம் என்று எழுதலாம். அப்சர்வேட்டரியில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடிச்சது இன்னைக்கும் அவர் பேரில் உலகப் பாடப்புத்தகத்தில் இருக்கு, அதை எழுதலாம். எழுத விஷயமா இல்லை? நாம கேரட்டையும் மேகி நூடுல்சையும் தாண்டலை, அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. அந்த மலையில் குறிஞ்சி 2006-இல் பூத்தது. அப்புறம் 2018-இல் பூத்தது. இனி 2030. பன்னிரண்டு வருஷம் மண்ணுக்குள்ள வேரை வச்சுக்கிட்டு, நேரம் பார்த்து, மலை முழுக்க ஒரே சமயத்தில் பூக்கற செடி அது. செடி அவ்வளவு பொறுமையாத் திட்டம் போடுது. அதைப் பார்க்கப் போற நாம ஒரு பாஸ் எடுக்க ரெண்டு நிமிஷம் செலவழிக்க மாட்டோம்னா, 2030-இல் அங்கே பூக்கப் போறது குறிஞ்சியா, சிப்ஸ் பாக்கெட்டான்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க.

டிஸ்கி 1: ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் பிறந்த வத்தலக்குண்டை 'கொடைக்கானல் போற வழியில டீ குடிக்கிற ஊர்' என்று இன்னொரு தடவை யாராவது பதிவு எழுதினால், அடுத்த காட்டமான பதிவு அவருக்குத்தான்.

டிஸ்கி 2: 'நீ மட்டும் கார்ல போனதே இல்லையா' என்று கேட்கப் போற அனானிக்கு: நான் எப்படிப் போனேன்ங்கறது விவாதம் இல்லை. 320 பெருசா, 4,000 பெருசா? அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க, டீ சாப்பிடலாம் :-)